டிரம் பிரேக்: கண்ணில் படாத தேய்மானத்தின் கதை

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்பது ஆண்டுக்கு ஒருமுறை எழுதும் ஒரு பதிவு. பத்தாண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சொத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. ஆனால் காரின் சக்கரத்துக்குள் நடக்கும் தேய்மானம் எந்த நேர்க்கோட்டு முறைக்கும் கட்டுப்படாது. மலைப்பாதையில் ஒரு வாரத்தில் தேய்வது சமவெளியில் பல மாதங்கள் ஆனாலும் தேயாமல் இருக்கலாம். திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரேக்கைச் சிறப்பாக்க ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளரும் செய்த மாற்றம், அந்தத் தேய்மானத்தை வண்டிக்காரரின் கண்ணிலிருந்து இன்னும் ஓர் அடி தள்ளி வைத்தது.

வெளியே இருந்த பிரேக்

குதிரை வண்டிகளில் பிரேக் என்பது இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தின் மேல் அழுத்தும் ஒரு மரக்கட்டைதான். தேய்ந்தால் கண்ணுக்கே தெரியும். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் வண்டிக்காரர்கள் அந்தக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை வைத்து அடித்து ஓட்டுவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். தேயும் பகுதியைத் தனியாக, மாற்றக்கூடியதாகச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1897-ல் தொடங்கிய அந்த முயற்சிதான் பின்னாளில் 'ஃபெரோடோ' லைனிங் ஆனது. அவருடைய பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு உருவான பெயர் அது.

ரப்பர் டயர் வந்ததும் மரக்கட்டைக்கு வேலை போய்விட்டது. அடுத்து வந்தது பட்டை பிரேக். அச்சில் இருக்கும் ஓர் உருளையைச் சுற்றி ஒரு பட்டை. மிதித்தால் அது இறுகிப் பிடிக்கும். 1902-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு போட்டியில், மணிக்கு 14 மைல் வேகத்தில் வந்த ஓல்ட்ஸ்மொபில் கார் இந்தப் பிரேக்கால் சுமார் 21 அடியில் நின்றது. நான்கு குதிரை பூட்டிய வண்டி நிற்க 77 அடி ஆனது.

ஆனால் பட்டைக்கு இரண்டு குறைகள். ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னால் நகரத் தொடங்கினால் பட்டை பிடி தளர்ந்துவிடும். மேலும் அது திறந்த வெளியில் இருந்ததால் சேறும் மணலும் புகுந்து சில நூறு மைல்களிலேயே தேய்ந்துபோகும்.

உள்ளே போன பிரேக்

இதற்கான விடைதான் டிரம் பிரேக். 1901-ல் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் காரிலேயே எளிய வடிவில் டிரம் இருந்தது. ஆனாலும் இன்று நாம் அறிந்த டிரம் பிரேக்கை உருவாக்கிய பெருமை பொதுவாக பிரான்சின் லூயி ரெனோவுக்கே (1902) தரப்படுகிறது. சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்முக்குள் இரண்டு அரைவட்ட ஷூக்கள். மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரை உரசும்.

மழை, சேறு எதுவும் எளிதில் உள்ளே போகாது. லைனிங்கின் ஆயுள் பல மடங்கு கூடியது. ஆனால் மூடிய கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது!

தெரியாவிட்டாலும் உணர முடிந்தது. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கும். கம்பி, கேபிள் மூலம் இயங்கிய பிரேக்குகளில் ஒரு சக்கரம் மட்டும் அதிகம் தேய்ந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். 1921-ல் டூசன்பெர்க் மாடல் ஏ நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. எண்ணெயின் அழுத்தம் எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாகப் போனதால் இந்த இழுப்பு பெருமளவு குறைந்தது. ஃபோர்டு இதற்கு மாற 1939 வரை ஆனது.

ஜாக்கியும் ஸ்பேனரும்

அந்தக் காலத்தில் பிரேக்கைச் சரிசெய்வது கார் வைத்திருப்பவரே வீட்டு வாசலில் செய்த வேலை. சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரம் சுற்றாமல் பிடிக்கும் வரை இறுக்கி, பிறகு லேசாகத் தளர்த்த வேண்டும். 1958 முதல் 2014 வரை தயாரான நம் அம்பாசடரும் பல பத்தாண்டுகள் நான்கு சக்கரத்திலும் டிரம்மோடுதான் ஓடியது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் டிரம்மைக் கழற்றாமலே லைனிங்கைப் பார்க்கச் சிறு துளை வைத்திருந்தார்கள். 1966-ல் ஜான் ஹெய்ன்ஸ் தன் முதல் பழுதுபார்ப்புக் கையேட்டை வெளியிட்டார். 1969-ல் ஜான் மியூர் பீட்டில்காரர்களுக்கான புகழ்பெற்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். இரண்டும் தன் வண்டியைத் தானே திறந்து பார்க்கும் சாதாரண மனிதருக்காக எழுதப்பட்டவை.

அடுத்து வந்தது தானியங்கி அட்ஜஸ்டர். 1947 ஸ்டூடிபேக்கர், 1957 மெர்குரி போன்ற கார்களில் தொடங்கி மெல்ல எங்கும் பரவியது. தேயும் அளவுக்கு ஷூ தானாகவே முன்னால் நகர்ந்துகொள்ளும். பெடல் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும். வசதிதான். ஆனால் லைனிங் தீர்ந்து போகும் தறுவாயிலும் பெடல் நன்றாகவே இருக்கும். தேய்மானம் ஓட்டுபவருக்கு அனுப்பி வந்த முக்கியமான தந்தி நின்றுபோனது.

தூசியில் இருந்த எமன்

இன்னொரு கசப்பான அத்தியாயமும் உண்டு. வெப்பத்தைத் தாங்கும் என்பதால் பல பத்தாண்டுகள் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சேர்த்தார்கள். தேய்ந்த தூள் டிரம்முக்குள்ளேயே தங்கும். அதைத் திறந்து, வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதிச் சுத்தம் செய்வது மெக்கானிக்குகளின் அன்றாட வழக்கமாக இருந்தது. கல்நார் நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் தரும் என்பது தெளிவான பிறகும் மாற்றம் மெதுவாகவே வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1986-ல் மெக்கானிக்குகளுக்கு எச்சரிக்கைக் கையேடு வெளியிட்டது. 1989-ல் அது கொண்டுவந்த தடையின் பெரும்பகுதியை 1991-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. பிரேக் லைனிங்கையும் உள்ளடக்கிய புதிய தடை 2024-ல்தான் அறிவிக்கப்பட்டது. தன் பிரேக்கை அக்கறையோடு திறந்து பார்த்தவரே அதிகம் சுவாசித்தார் என்பதுதான் இதில் கொடுமை.

வீட்டில் சோதிப்பது எப்படி?

இந்த வரலாறு தெரிந்தவர் டிரம்மைத் திறக்கும்போது முதலில் செய்யக் கூடாதது ஊதுவது. ஈரத்துணியால் துடைப்பதே சரி. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும். பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து டிரம்மைக் கழற்றுவது.

உள்விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் ஒரு வரப்பு தட்டுப்படும். ஷூ உரசாத இடம் அது. அந்த வரப்பு எவ்வளவு உயரமோ டிரம் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. உரசும் பரப்பில் ஆழமான கோடுகள், அதிகச் சூட்டால் வந்த நீலத் திட்டுகள், விரிசல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் டிரம்மை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. உள்விட்டத்தை இரண்டு மூன்று திசைகளில் வெர்னியரால் அளக்க வேண்டும். அளவுகள் வேறுபட்டால் டிரம் வட்டம் குலைந்துவிட்டது; மிதிக்கும்போது பெடல் அதிர்வது பல சமயம் இதனால்தான். அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிறிய கார்களில் இது புதிய டிரம்மைவிட வழக்கமாக 1.5 முதல் 2 மி.மீ. வரைதான் அதிகம். அந்த அளவைத் தாண்டிய டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவது பணத்தை மிச்சப்படுத்துவது போலத் தோன்றும். ஆனால் சுவர் மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகும், விரியும், சில சமயம் உடையும். இதோடு வீல் சிலிண்டரில் எண்ணெய்க் கசிவு உண்டா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

மீண்டும் டிரம்

1953-ல் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு லெ மான் பந்தயத்தை வென்றபோதே டிரம்மின் காலம் முடிந்தது என்று பலர் நினைத்திருக்கலாம். முடியவில்லை. விலை குறைவு, ஹேண்ட்பிரேக் அமைக்க எளிது என்பதால் பல சிறிய கார்களின் பின்சக்கரங்களில் அது நிலைத்துவிட்டது. 2020-ல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் ஐடி.3 என்ற மின்சாரக் காரிலும் பின்னால் டிரம்தான். மின்மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பின் பிரேக்குக்கு அங்கே வேலை குறைவு; மூடிய டிரம் துருவிலிருந்தும் காக்கும்.

பட்டை பிரேக்கைப் போல டிரம் தன் நிலைமையை வெளியே காட்டாது. பெடல் உறுதியாக இருக்கிறது, சத்தம் வரவில்லை என்பதெல்லாம் உள்ளே எல்லாம் நலம் என்பதற்குச் சான்று அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டாண்டு, ஓர் ஈரத்துணி... பின்சீட்டில் உட்கார்ந்து வருபவர்களுக்காக அவ்வளவு செய்யலாம்.