திருச்சியில் அழுத்தக் காற்று: துருத்தி முதல் வீட்டுக் கம்ப்ரசர் வரை

முன்னுரை

வெளிக்காற்றை உள்ளிழுத்து, அதன் கன அளவைக் குறைத்து, அழுத்தத்தை உயர்த்தித் தொட்டியில் சேமித்துத் தரும் இயந்திரம் ஏர் கம்ப்ரசர் எனப்படுகிறது. தமிழில் இதனைக் காற்று அமுக்கி என்பர். பஞ்சர் கடை, பெட்ரோல் பங்க், டிங்கரிங் பட்டறை, ரயில்வே பணிமனை என வாகனம் பழுதுபார்க்கும் இடங்களிலெல்லாம் இது உண்டு. அண்மைக் காலத்தில் வீட்டின் பின்கட்டிலும் வண்டி நிறுத்தும் கொட்டகையிலும் கூட இது இடம்பெறுகிறது.

திருச்சிராப்பள்ளியிலும் காவிரிக்கு அப்பால் உள்ள திருவரங்கத்திலும் அழுத்தக் காற்று பயன்பட்டு வந்த வரலாற்றைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒவ்வொரு காலத்திலும் காற்றின் அளவை முடிவு செய்தது இயந்திரம் அல்ல. அதை இயக்கக் கிடைத்த விசையே. இன்று வீட்டுக்குக் கம்ப்ரசர் வாங்குவோர் இதை மறந்து இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, மின்சாரத்தைப் பற்றிப் பின்னர் யோசிக்கும்போதுதான் மோட்டார் எரிவதும் பணம் வீணாவதும் நிகழ்கின்றன.

துருத்திக் காலம்

கம்ப்ரசரின் முன்னோடி கொல்லனின் துருத்தி. தோலால் ஆன பையை அமுக்கி உலைக்குக் காற்றுச் செலுத்துவது இதன் வேலை. இதற்கு மிதிதோல் என்ற பழைய பெயரும் உண்டு. ஏழு ஊர்களின் பொது வேலைக்காக ஓர் ஊரில் அமைந்த உலைக்களத்தில் துருத்தி ஓய்வின்றி உழைப்பதைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று உவமையாகக் கூறுகிறது. தேவைக்கு ஏற்ற அளவில் கருவி இல்லாவிட்டால் அதற்கு ஓய்வே கிடைக்காது என்பது அன்றே அறியப்பட்ட செய்தி.

துருத்தி என்னும் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்ற பொருளும் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த திருவரங்கம் அத்தகைய ஒரு துருத்தியே ஆகும்.

துருத்திக்கு விசை மனிதனின் கையும் காலுமே. ஆகவே அது தரும் காற்று உலையை மூட்டப் போதுமானதாக இருந்தது. வேறொரு கருவியை இயக்கப் போதவில்லை.

உலகில் அழுத்தக் காற்று

அழுத்தக் காற்றால் கருவிகளை இயக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மான் செனி மலைச்சுரங்கம் 1857இல் தொடங்கப்பட்டு 1871இல் திறக்கப்பட்டது. அங்கே பாறையைத் துளைக்கக் காற்றால் இயங்கும் துளைக் கருவிகள் பயன்பட்டன. அவற்றுக்கான கம்ப்ரசர்களை மலையிலிருந்து வந்த நீரின் விசையே இயக்கியது.

பாரிஸ் நகரில் 1880களில் வேறொரு முறை பரவியது. மைய நிலையத்தில் நீராவி எஞ்சின்களால் காற்றை அமுக்கி, தெருவுக்கு அடியில் பதித்த குழாய்கள் வழியாகச் சிறு பட்டறைகளுக்கு விற்றனர். தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோல் பட்டறைக்காரர் காற்றுக் குழாயைத் திறந்து கருவியை இயக்கினார். பின்னர் மின்மோட்டார் மலிவானதும் இந்த முறை தேய்ந்தது. ஆயினும் அந்தக் குழாய் வலை 1994 வரை இயங்கியது. விசையைத் தொலைவிலிருந்து கொண்டுவரக் கம்பி போதும் என்றான பிறகு, காற்றை அந்தந்த இடத்திலேயே அமுக்கிக்கொள்வது வழக்கமாயிற்று. திருச்சியிலும் இந்த மாற்றமே நடந்தது.

பொன்மலைப் பணிமனை

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. அது 1920களின் பிற்பகுதியில் திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலைக்கு மாற்றப்பட்டது. 1928இல் பொன்மலைப் பணிமனை முழு அளவில் அமைந்தது. தொழிலாளர் குடியிருப்புகளுடன் கூடிய ஒரு தொழில் நகரமாகவே அது வளர்ந்தது.

நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பணிமனைகளில் அழுத்தக் காற்று இன்றியமையாதது. கொதிகலனின் தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளை அடிக்கக் காற்றுச் சுத்தியலும், தகட்டை வெட்டக் காற்று உளியும் பயன்பட்டன. இக்கருவிகளில் மின்பொறி எழாது. அதிகமாகச் சூடேறினாலும் எரிந்துபோகாது. கையில் பிடிக்கும் எடையும் குறைவு. இத்தகைய பணிமனைகளில் ஓரிடத்தில் பெரிய கம்ப்ரசரை நிறுவிக் குழாய்கள் வழியாகக் கூடங்கள் தோறும் காற்று அனுப்புவது வழக்கம். பாரிஸ் முறையின் சிறிய வடிவம் இது.

பெரிய நிறுவனத்தால் இது முடிந்தது. நகரின் சிறு பட்டறைக்கு அத்தகைய விசை அப்போது எட்டவில்லை. சைக்கிள் கடைக்காரர் கைப்பம்பையே நம்பியிருந்தார்.

மேட்டூர் மின்சாரம்

இந்த நிலையை மாற்றியது காவிரியே. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1937இல் அங்கே நீர்மின் உற்பத்தி தொடங்கியது. மேட்டூர் மின்சாரம் திருச்சி, தஞ்சாவூர் பகுதிகளுக்கும் கொண்டுவரப்பட்டது. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைக்கப்பட்ட பிறகு மின் இணைப்புகள் ஊர் ஊராகப் பரவின.

1960களின் நடுவில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சார்ந்து துவாக்குடி உள்ளிட்ட இடங்களில் சிறு தொழிற்கூடங்கள் பெருகின. வெல்டிங், தேய்த்தல், வண்ணம் பூசுதல் ஆகியவற்றுக்குக் காற்று தேவைப்பட்டது. மும்முனை மின்சாரம் கிடைத்ததால் ஒவ்வொரு கூடமும் தனக்கெனக் கம்ப்ரசர் வைத்துக்கொள்ள முடிந்தது.

இயந்திரத்தையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை என்றானது. 1960இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் நிறுவனம் வாகனப் பட்டறைக் கருவிகளையும் கம்ப்ரசர்களையும் தயாரித்து, பின்னாளில் உலக அளவில் விற்பனை செய்யும் நிறுவனமாக வளர்ந்தது.

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் எடுக்கவும் தமிழகத்தில் கம்ப்ரசர் பரவலாகப் பயன்படுகிறது. குழாய் வழியாகக் காற்றைக் கீழே செலுத்தினால், காற்றுக் குமிழிகள் கலந்த நீர் எடை குறைந்து மேலே எழும். மின்செலவு கூடினாலும், கிணற்றுக்குள் சுழலும் பாகம் ஏதும் இல்லாததால் மணல் கலந்த நீருக்கும் குறுகிய துளைக்கும் இது ஏற்றது.

மின்வெட்டுக் கற்பித்த பாடம்

2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் கடும் மின் பற்றாக்குறையைச் சந்தித்தது. 2012இல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. திருச்சியின் சிறு தொழிற்கூடங்களும் பாதிக்கப்பட்டன. தொட்டி நிறையக் காற்று இருந்தாலும் அது சில நிமிட வேலைக்கே வரும். வசதியுள்ளோர் டீசல் ஜெனரேட்டர் வைத்தனர். மற்றவர்கள் மின்சாரம் வரும் நேரம் பார்த்து வேலை செய்தனர். இயந்திரம் கையில் இருந்தும் விசை இல்லாவிட்டால் பயனில்லை என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின.

வீட்டுக் கொட்டகைக்குத் தேர்ந்தெடுத்தல்

முதலில் அறிய வேண்டியது எந்தக் கருவிக்கு எவ்வளவு காற்று தேவை என்பது. காற்றின் அளவு நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று கணக்கிடப்படுகிறது. கடைகளில் இதைச் சி.எப்.எம். என்பார்கள். டயருக்குக் காற்றடிக்க 1 அல்லது 2 சி.எப்.எம். போதும். போல்ட் கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சுக்குச் சராசரியாக 4 முதல் 5 வரை வேண்டும். காருக்கு வண்ணம் பூசும் ஸ்பிரே கன்னுக்கு வகையைப் பொறுத்து 4 முதல் 12 வரை தேவைப்படும். தேய்க்கும் சாண்டர் கருவி தொடர்ந்து ஓடுவதால் அதற்கும் 8க்கு மேல் வேண்டும்.

பொதுவாக 7 பார் அழுத்தத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு 3.5 முதல் 4 சி.எப்.எம். வரை காற்று கிடைக்கும். சிறிய இயந்திரங்களில் இது இன்னும் குறையும். விளம்பரத்தில் அச்சிடப்படும் எண் பெரும்பாலும் பிஸ்டன் உள்ளிழுக்கும் அளவே தவிர, வெளியே கிடைக்கும் அளவு அல்ல. ஆகவே எப்.ஏ.டி. எனப்படும் உண்மையான வெளியீட்டைக் கேட்டு அறிய வேண்டும்.

பெரிய தொட்டி வாங்கினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். தொட்டி காற்றை உண்டாக்குவதில்லை; சேமிக்க மட்டுமே செய்கிறது. 200 லிட்டர் தொட்டியில் அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்குக் குறையும்போது கிடைக்கும் காற்று 400 லிட்டர், அதாவது ஏறத்தாழ 14 கன அடி. 4 சி.எப்.எம். தரும் இயந்திரத்தில் 8 சி.எப்.எம். கேட்கும் ஸ்பிரே கன்னைப் பொருத்தினால் மூன்றரை நிமிடத்தில் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். அதன்பின் அழுத்தம் விழும். பூசிய வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும்.

மின் இணைப்பு

அடுத்ததும் முக்கியமானதும் மின்சாரம். வீட்டு ஒருமுனை இணைப்பில் 2 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்திலோ அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு எடுக்கும்.

திருவரங்கத்தின் பழைய தெருக்களில் வீடுகள் அகலம் குறைந்து நீளமாக அமைந்தவை. மீட்டர் வாசல் பக்கமும் கொட்டகை கொல்லைப் பக்கமும் இருந்தால் இடையே 30 மீட்டர் கம்பி ஓட நேரும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 60 ஆம்பியர் பாயும்போது அந்தத் தொலைவில் 40 வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஏற்படும். 230 வோல்ட் 190க்கும் கீழே இறங்கும். மோட்டாரின் சுழல்விசை மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்பக் குறைவதால், அது மூன்றில் இரண்டு பங்காகிவிடும். மோட்டார் சுழல முடியாமல் உறுமிச் சூடேறி எரியும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 17 வோல்ட்டுக்குள் அடங்கும். மோட்டாரைக் குறைகூறும் முன் கம்பியைப் பார்க்க வேண்டும் என்பது இதனால் புலனாகும்.

3 குதிரைத்திறன் மோட்டார் ஒருமுனை இணைப்பின் எல்லையைத் தொடுவது. தமிழகத்தில் இணைப்புச் சுமை 4 கிலோவாட்டைத் தாண்டினால் மும்முனை இணைப்புப் பெற வேண்டும். மும்முனை மோட்டார் எளிதாகத் தொடங்கும். கெப்பாசிட்டர் பழுதும் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்காது. ஜெனரேட்டரும் மோட்டாரின் திறனைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

சொந்த வண்டியைப் பழுதுபார்ப்பது வேறு. கூலிக்கு வேலை செய்வது வேறு. வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால், அது அனுமதிக்கப்படாத பயன்பாடாகக் கருதப்பட்டு, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இருமடங்குக் கட்டணம் விதிக்கப்படலாம்.

பாதுகாப்பு

45 செ.மீ. விட்டமுள்ள தொட்டியின் ஒரு முனைத் தகட்டை 8 பார் அழுத்தம் ஏறத்தாழ 13 டன் விசையுடன் தள்ளுகிறது. காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் நீராகத் தேங்கி இரும்பை உட்புறமாக அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே தகடு மெலிந்திருக்கலாம். எனவே நாள்தோறும் அடித்திருகைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் சேப்டி வால்வை அடைக்கவோ இறுக்கவோ கூடாது. பழைய தொட்டியை வாங்கினால் நீரழுத்தச் சோதனை செய்த பிறகே பயன்படுத்த வேண்டும். அழுத்தக் காற்றை உடலின் மீது பாய்ச்சக் கூடாது.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அழுத்தத்தில் இயங்கும் கருவிகளுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது. ஆனால் அச்சட்டம் பொதுவாக மின்விசையுடன் 10 பேர் பணிபுரியும் இடங்களையே தொழிற்சாலை என்றது. ஒருவர் தனியே வேலை செய்யும் வீட்டுக் கொட்டகைக்கு ஆய்வாளர் வருவதில்லை. அங்கே ஆய்வாளரின் பொறுப்பும் உரிமையாளருடையதே.

ஒலியும் கவனிக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் எல்லையாகும். பிஸ்டன் கம்ப்ரசரின் அருகில் ஒலி 80 டெசிபெல்லைத் தாண்டுவது உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருக்களில் ரப்பர் தாங்கிகளும் வேலை நேரக் கட்டுப்பாடும் அவசியம்.

முடிவுரை

துருத்திக்கு மனிதனின் காலும், மான் செனி மலையில் நீரும், பாரிஸில் நீராவியும், திருச்சியின் பட்டறைகளுக்கு மேட்டூர் மின்சாரமும் விசை தந்தன. அந்தந்த விசை அளித்த அளவுக்கே காற்று கிடைத்தது. வீட்டுக் கொட்டகைக்கும் இதே விதி பொருந்தும். கருவிக்குத் தேவையான காற்றைக் கணக்கிட்டு, மீட்டரிலிருந்து வரும் கம்பியையும் இணைப்பின் சுமையையும் சரிபார்த்து, அதன் பிறகே கம்ப்ரசரை வாங்க வேண்டும். இந்த வரிசை மாறினால், வாங்கிய இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் தராது.