வராண்டா நிலைத்து நிற்க என்ன வேண்டும்?

அமெரிக்காவின் தெற்கில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி ஐந்து மாநிலங்கள் இருக்கின்றன: டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, புளோரிடா. கோடையில் வியர்த்துக் கொட்டும் புழுக்கம். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். போதாததற்குக் கரையான் வேறு! இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்கு வெளியே மரத்தால் ஒரு வராண்டா கட்டி, அதைப் பல தலைமுறைக்கு நிற்க வைப்பது எப்படி? முந்நூறு ஆண்டுகளாக அந்த மக்கள் இதற்குப் பதில் தேடி வருகிறார்கள். ஒரு பதில் கிடைத்ததும் அதிலிருந்தே அடுத்த சிக்கல் முளைத்தது. அந்தக் கதைதான் இது.

தூண் மேல் ஏறிய வீடு

1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரை உருவாக்கினார்கள். ஆரம்பத்தில் மரக்கால்களை நேராக மண்ணில் நட்டு வீடு கட்டினார்கள். அந்த ஈரமண்ணில் கால்கள் சீக்கிரமே மக்கிப் போயின. அதனால் செங்கல் தூண்கள் எழுப்பி, அவற்றின் மேல் வீட்டை வைக்கும் பழக்கம் வந்தது. வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிடும், காற்றும் கீழே புகுந்து பலகைகளை உலர்த்தும்.

வீட்டின் முன்னாலும் சில இடங்களில் சுற்றிலும் அகலமான வராண்டா அமைத்தார்கள். அதற்கு அங்கே 'கேலரி' என்று பெயர். அது உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் அல்ல. மரச்சட்டங்களுக்கு நடுவே மண்ணும் பாசியும் குழைத்து அடைத்த சுவர்கள் மழையில் கரையாமல் காத்ததும் அதுதான். மழை பெய்யும்போதுகூடக் கதவைத் திறந்து வைக்க முடிந்தது. 1788-ல் நகரை அழித்த பெருந்தீக்குப் பிறகு கட்டப்பட்ட 'மேடம் ஜான்ஸ் லெகசி' என்ற வீட்டில் இந்த அமைப்பை இன்றும் காணலாம்.

இவ்வளவு காலம் தாங்கியதற்கு மரமும் ஒரு காரணம். சதுப்பு நிலத்தில் பல நூறு ஆண்டுகள் வளர்ந்த சைப்ரஸ் மரங்களின் வைரம் பாய்ந்த பகுதி எளிதில் மக்காது, கரையானும் சுலபமாக அரிக்காது.

கால்வெஸ்டன் கற்ற பாடம்

1900 செப்டம்பர் 8 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவைச் சூறாவளி தாக்கியது. குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பறித்த இயற்கைப் பேரழிவு இதுவே. தப்பியவர்கள் ஊரைக் கைவிடவில்லை. 17 அடி உயரத்தில் கடற்சுவர் எழுப்பினார்கள். பிறகு 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலை நிரப்பி, ஊரையே உயர்த்தினார்கள். 1911 வரை நடந்த வேலை இது. அதுவரை மக்கள் உயரமான பலகைப் பாதைகளில்தான் நடமாடினார்கள்.

தண்ணீருக்கு ஒரு பதில் கிடைத்தது. ஆனால் அதே காலத்தில் மரம் தீர்ந்துகொண்டிருந்தது. 1930-களுக்குள் லூசியானாவின் பழைய சைப்ரஸ் காடுகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. தென்மாநிலங்களின் பழைய பைன் காடுகளுக்கும் அதே கதிதான். மிஞ்சியது வேகமாக வளரும் இளம் பைன் மரம். அதை அப்படியே வெளியில் போட்டால் சில ஆண்டுகளிலேயே மக்கிவிடும்.

டேராடூனிலிருந்து வந்த மருந்து

இதற்கான தீர்வு இந்தியாவிலிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோன்டி காமேசன் என்ற விஞ்ஞானி, தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த ஒரு மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். தாமிரம் பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக் பூச்சிகளைத் தடுக்கும். குரோமியம் இரண்டையும் மரத்துக்குள் பிடித்து வைக்கும். அழுத்தம் கொடுத்து இந்த மருந்தைப் பைன் மரத்துக்குள் செலுத்தினால், மலிவான மரமும் பல பத்தாண்டுகள் தாங்கும்.

ஏ.சி. வந்த பிறகு அமெரிக்க வீடுகளில் முன்பக்க வராண்டா சுருங்கியது. பதிலாகக் கொல்லைப்புறத்தில் 'டெக்' எனப்படும் கூரையில்லாத மரத்தளம் வந்தது. 1970-களிலிருந்து அந்தத் தளங்களில் பெரும்பாலானவை காமேசனின் மருந்து ஏறிய பச்சை நிற மரத்தால் கட்டப்பட்டவை.

ஆனால் ஆர்சனிக் விஷம் அல்லவா? குழந்தைகள் தவழும் பலகையில் அது இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு இந்த மருந்தை ஏற்றுவது அங்கே நிறுத்தப்பட்டது. புதிதாக வந்த மருந்துகளில் ஆர்சனிக் இல்லை, ஆனால் தாமிரம் அதிகம். அந்தத் தாமிரம், ஈரம் பட்டால் சாதாரண ஆணியை அரிக்க ஆரம்பித்தது! பலகை நன்றாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் ஆணி உள்ளே துருப்பிடித்துப் போயிருக்கும். அதனால்தான் கனமான துத்தநாக முலாம் பூசிய ஆணி, அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி அவசியமானது.

காற்று காட்டிய பலவீனம்

1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி தெற்குப் புளோரிடாவில் 25,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. மரம் பலவீனமாக இருந்த இடங்களைவிட, இணைப்பு பலவீனமாக இருந்த இடங்களே அதிகம் பாடம் சொல்லின. வராண்டாக் கூரை காற்றுக்கு மிக வசதியான இடம். அடியில் புகுந்த காற்று மேலே தள்ளும். மேலே போகும் காற்று உறிஞ்சி இழுக்கும். சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணிகள் அந்த இழுப்புக்குத் தாங்காது. வராண்டாக் கூரை பிய்ந்தால் வீட்டுக் கூரைக்கும் ஆபத்து.

2002-ல் புளோரிடா மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. கூரையிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கும் உலோகப் பட்டைகளால் தொடர்ச்சியாகக் கட்ட வேண்டும் என்பதே இப்படிப்பட்ட விதிகளின் அடிப்படை. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை வீண்.

டெக் கதையும் இதுதான். அதை வீட்டுச் சுவரோடு சேர்க்கும் பலகையை வெறும் ஆணியால் அடித்துவிட்டால், விருந்து நாளில் பலர் ஒன்றாக ஏறி நிற்கும்போது மொத்தத் தளமும் சுவரிலிருந்து பிரிந்து விழலாம். அங்கே நடந்த பல விபத்துகளுக்கு இதுவே காரணம். போல்ட் போட வேண்டும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே மழைநீர் இறங்காதபடி தகடும் வைக்க வேண்டும்.

முந்நூறு ஆண்டு அனுபவத்தைச் சுருக்கினால் மூன்று பாடங்கள் கிடைக்கின்றன: தரையிலிருந்து உயர்த்து, தண்ணீரைத் தேங்கவிடாதே, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இறுகக் கட்டு. முதல் இரண்டும் 18-ஆம் நூற்றாண்டுத் தச்சருக்கே தெரிந்தவை. மூன்றாவதைத்தான் ஏராளமான வீடுகளை இழந்து கற்க வேண்டியிருந்தது. நல்ல மரம் வாங்கப் பணம் செலவழிப்பவர்கள் ஆணி வாங்கும்போது மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் புயல் முதலில் சோதிப்பது அந்த ஆணியைத்தான்.