மாளிகைமேட்டில் எஞ்சியவை: கங்கைகொண்ட சோழபுரமும் தோட்டத்து இடப்பெயர்களும்

கும்பகோணத்திலிருந்து வடக்கே அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து செல்வோர்க்கு, கங்கைகொண்ட சோழபுரத்தை நெருங்கும்போது வயல்களுக்கு மேலே முதலில் தென்படுவது கோயில் விமானமே. ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடைய அவ்விமானம் தஞ்சை விமானத்தினும் சற்றுத் தாழ்ந்தது. தஞ்சை விமானம்போல் நேர்கோட்டில் எழாமல் உள்வளைந்து ஒடுங்குவது. யுனெஸ்கோ 2004ஆம் ஆண்டில் அதனை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. மலாக்கா மாநிலத்து ஆசிரியர் சிலருடன் நாம் அங்குச் சென்றது ஒரு தை மாதத்தில். வந்திருந்த பயணியர் பலரும் கோயிலைக் கண்டு, சண்டேசருக்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தின்முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பினர். கோயிலைக் கண்டவர் தலைநகரைக் கண்டவர் ஆகார். தலைநகர் கோயிலுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தொலைவில் மண்ணுக்கடியில் கிடக்கிறது.

முதலாம் இராசேந்திரன் (ஆட்சி 1014–1044) தன் படையைக் கங்கைவரை அனுப்பி வென்றபின், 1025ஆம் ஆண்டையொட்டித் தஞ்சையை விடுத்து இப்புது நகரைத் தலைநகராக்கினான். சோழராட்சி 1279இல் முடியும்வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், இதுவே தலைநகர். செயங்கொண்டாரும் ஒட்டக்கூத்தரும் பாடிய கங்காபுரி இதுதான். இன்று இது அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர்.

அரண்மனை இருந்த மேட்டுக்கு ஊரார் இட்டு வழங்கும் பெயர் மாளிகைமேடு. அது உட்கோட்டை என்னும் ஊரைச் சார்ந்தது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1980ஆம் ஆண்டு தொடங்கிப் பல பருவங்களாக அங்கு அகழ்ந்துள்ளது. அண்மை ஆண்டுகளிலும் அப்பணி மீண்டும் நடைபெற்றது. காணக் கிடைப்பவை செங்கற்சுவர்களின் அடிப்பகுதிகளும் கருங்கல் தூணடிகளும் மட்டுமே. தூண்கள் மரத்தாலானவை எனக் கருதப்படுகிறது, அவை மக்கிப்போயின. கூரை வேய்ந்த சிறுசிறு தட்டோடுகளும் மரங்களை இணைத்த இரும்பாணிகளும் மண்ணிலிருந்து வெளிவந்தன. பெருவேந்தரின் அரண்மனை ஓட்டுக்கூரைக் கட்டடம் என்று அறிந்ததும் எம்முடன் வந்த இளம் ஆசிரியை ஒருவர் முகம் வாடினார். திரைப்படங்கள் நமக்குக் காட்டிய பளிங்கு மண்டபங்கள் அவர் மனத்தில் இருந்திருக்கும். கல் இறைவனுக்கு, செங்கல்லும் மரமும் மனிதருக்கு என்பது அக்காலத்து முறை. அரசனும் மனிதரில் அடக்கம்.

துறையினரின் அகழ்வைப்பகம் சிறியது. அரைமணி நேரத்தில் சுற்றிவிடலாம். நாம் இரண்டு மணி நேரம் இருந்தோம். எம்மை நிறுத்தியவை சீனப் பீங்கான் துண்டுகள். கெடா மாநிலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் பெங்காலான் பூஜாங் பகுதியிலும் சோங் மரபுக் காலத்துச் சீனப் பீங்கான்கள் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. சீனத்துக்கும் சோழநாட்டுக்கும் இடைப்பட்ட கடல்வழியில் மலாய்த் தீவக்குறை இருந்தது என்று பாடநூலில் ஒரு வரியில் படிக்கிறோம். அவ்வரியின் பொருளை உள்ளங்கையகல ஓட்டாஞ்சில்லு ஒன்று நன்றாகவே விளக்கிவிடுகிறது.

இனி எம் துறைக்குரிய செய்திக்கு வருகிறோம். மலாய்மொழியில் அரண்மனையைக் குறிக்கும் ‘மஹ்லிகாய்’ என்னும் சொல் நம் ‘மாளிகை’யே. மலாய்க் கதைகளில் இளவரசியர் வாழ்வது மஹ்லிகாயில். கப்பல், கடை, கட்டில் என்பனவும் காப்பால், கெடாய், காத்தில் என அம்மொழியில் வழங்குவதை மாணவர் அறிவர். கோட்டையைக் குறிக்கும் ‘கோத்தா’ வடமொழி வழி வந்ததா, தமிழ் வழி வந்ததா என்னும் வழக்கு வேறு. அதை இங்கு எடுக்கவில்லை. உட்கோட்டையில் நின்றுகொண்டு மாளிகை என்று சொல்லும்போது, மலாக்காவில் நாள்தோறும் நம் காதில் விழும் சொற்களின் உறவுகள் அங்கு வயல்வரப்பில் நின்றன.

அவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் தொடுத்துப் பார்த்தால் நகரின் அமைப்பு ஓரளவு தெரிகிறது. உட்கோட்டை, மாளிகைமேடு என்பன விளக்கம் வேண்டாதவை. மெய்க்காவல்புத்தூர், அரசனின் மெய்க்காவலரை நினைவூட்டுவது. ஆயுதக்களம், படைக்கலங்களோடு தொடர்புடையதாகக் கருதப்படுவது. சுண்ணாம்புக்குழி, கட்டடப் பணியின் சுவடு. ஒரு பெயரைமட்டும் கொண்டு வரலாறு எழுதுவது பிழை. பெயர் சான்றுகளுள் ஒன்றேயன்றித் தீர்ப்பு அன்று. ஆயினும் இங்குக் கல்வெட்டு, அகழாய்வு, பெயர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வீரராசேந்திரனின் கல்வெட்டு இந்நகரத்து அரண்மனையைச் சோழகேரளன் திருமாளிகை எனக் குறிக்கிறது. சோழகேரளன் என்னும் முன்னொட்டு உதிர்ந்துபோயிற்று, ‘திரு’வும் போயிற்று, மாளிகையாகிய கட்டடமும் போயிற்று. மாளிகை என்னும் சொல் மட்டும் மேட்டின்மேல் நின்றுவிட்டது.

அருகிலுள்ள செயங்கொண்டம் இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. செயங்கொண்ட சோழபுரம் என்பதே முழுப்பெயர். மக்கள் சோழபுரத்தைக் களைந்து, எச்சமாக நின்ற ‘கொண்ட’ என்பதோடு ‘அம்’ சேர்த்துப் பெயராக்கிக்கொண்டனர். இலக்கண ஆசிரியர் யாரும் கற்பித்துத் தந்த விதியன்று இது. வாய்க்கு எளிதானதை வாயே செய்துகொண்டது. மாறாக, இராசேந்திரன் வெட்டுவித்த பேரேரியின் வரலாற்றில் நீர்ப்பரப்பு நிற்கப் பெயர் மாறிவிட்டது. திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலாகிய வெற்றித்தூண் எனச் சிறப்பிக்கும் சோழகங்கம் இன்று மக்கள் வாயில் பொன்னேரி. வென்ற ஆற்றின் பெயரைவிட விளைந்த நெல்லின் நிறம் உழவர்க்கு நெருக்கமானது போலும்.

செயங்கொண்டத்தை அடுத்துக் கடாரங்கொண்டான் என்றும் ஓர் ஊர் உண்டு. அப்பெயர்ப்பலகையைக் கண்டதும் எம்முடன் வந்தோர் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். மலேசியத் தமிழர் நிறுத்தாமல் எப்படிச் செல்வர்? அங்கே நின்றபடி ‘கொள்’ என்னும் வினையைப் பற்றிச் சிறிது பேசினோம். கங்கைகொண்டான் என்பதில் கொண்டது நிலமன்று. குடங்களில் வந்த நீர். கடாரங்கொண்டான் என்பதில் கொண்டது, கல்வெட்டின்படி, அரசனையும் அவன் களிறுகளையும் பொருட்குவையையும். ஒரே வினைதான், ஆனால் இரண்டிடத்தும் பொருள் ஒன்றன்று. இரண்டிலுமே கொண்ட நாட்டில் தங்கி ஆண்டதாகப் பொருள் இல்லை.

இதனைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இராசேந்திரன் மலாயாவை ஆண்டான் என்றும், மலாக்காவுக்கே வந்தான் என்றும் நம் மேடைகளில் பேசக் கேட்கிறோம். தஞ்சைக் கல்வெட்டு 1025ஆம் ஆண்டையொட்டிய கடற்படையெடுப்பில் வெல்லப்பட்ட இடங்களைப் பட்டியலிடுகிறது: சிறீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலியன. 1918இல் பிரெஞ்சு அறிஞர் சேதே சிறீவிசயம் என்பது ஒரு பேரரசின் பெயர் என நிறுவியபின்பே இப்பட்டியலின் முழுப்பொருளும் விளங்கலாயிற்று. அதில் மலாக்கா இல்லை, இருக்கவும் இயலாது. மலாக்கா ஏறத்தாழ 1400இல் தோன்றிய நகரம். சோழர் நினைவு மலாக்காவுக்கு வந்தது வேறு வழியில். மலாக்கா அரசர் வழியைக் கூறும் ‘செஜாரா மெலாயு’ இராஜா சூலான், இராஜா சூரான் என்போரை அவர்தம் முன்னோராகச் சொல்கிறது. அப்பெயர்களில் சோழர் படையெடுப்பின் மங்கிய நினைவு இருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். படைகள் வந்துசென்று நானூறு ஆண்டுகள் கழித்தும், தோற்ற பக்கத்தார் கதையில் வென்றவர் முன்னோராகி நிற்கின்றனர்.

கோயிலுக்குத் திரும்புவோம். அதைச் சூழ்ந்திருந்த பெருமதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டபோது, ஆர்தர் காட்டன் காலத்துப் பொறியாளர் மதிலைக் கலைத்துக் கற்களைக் கொண்டுசென்றனர். நாம் வரும்வழியில் கடந்த அணைக்கரை அதுவே. ஊரார் தடுத்ததாகவும், தடுத்தவர் தண்டிக்கப்பட்டதாகவும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல்மதில் கட்டித்தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறவில்லை என்றும் அந்நூற்றாண்டின் ஆங்கிலக் குறிப்பு ஒன்றே வருந்தி எழுதுகிறது. கீழணை நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்குப் பாய்கிறது; வீராணம் முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. சோழன் மதிற்கல் சோழன் ஏரிக்கு நீர் விடுகிறது என்று ஆறுதல் கொள்வாரும் உளர். தண்டனை பெற்ற அந்த ஊராரிடம் இந்த ஆறுதலைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

மலாக்காக்காரருக்கு இது புதிய கதையன்று. 1511இல் நகரைப் பிடித்த போர்த்துகீசியர், பள்ளிவாசல் கற்களையும் அரச கல்லறைக் கற்களையும் எடுத்தே தம் கோட்டையைக் கட்டினர். அக்கோட்டையை 1807இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர். ஒரு வாயில் மட்டும் எஞ்சியது. பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி 2013இல் நிலமேம்பாட்டுப் பணியில் இடித்து அகற்றப்பட்டது. கல் எங்கும் அடுத்தவன் கட்டடத்துக்குப் போய்விடுகிறது, அல்லது குப்பையாகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் பெயர்கள் எஞ்சியமைக்குக் காரணம் எளியது: அரசர் போனபின்னும் உழவர் போகவில்லை. மாளிகைமேட்டருகே எம்மோடு பேசிய முதியவர் ஒருவர், ஏர் ஓட்டினால் இன்றும் செங்கல் புரளும் என்றார். நாம் மலேசியா என்றதும், “எங்க பாட்டனாரோட தம்பி கங்காணியோட பினாங்குக்குப் போனாருங்க ஐயா. அப்புறம் கடுதாசியே இல்லை. நீங்க அந்தப் பக்கமா?” என்று வினவினார். நாம் மலாக்கா என்று சொன்னோம். அவருக்கு இரண்டும் ஒரே ஊர்தான்.

அப்பாட்டனாரின் தம்பி போன்றோர் வந்து சேர்ந்த இடங்களுள் மலாக்கா முந்தியது. மலாயாவில் இரப்பரை முதன்முதலில் வணிகப்பயிராக நட்டவர் தான் சாய் யான், இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. உதவிபெற்றுத் தோட்டத்துக்கு வரும் முறையை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் இங்கு வந்தவண்ணம் இருந்தன. வந்தவர் வெற்று நிலத்தில் பெயர்களை நட்டனர்.

நாம் பிறந்தது ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். துரையின் வரைபடத்தில் அங்கு எண்கள் மட்டுமே இருந்தன. நம் வாயில் இருந்தவை மேட்டு லயம், கிணற்றடி லயம், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகைத் திருப்பம், சாமிமரத்தடி. ‘பெரட்டு’ ஆங்கிலச் சொல்லின் தமிழுருவம். ‘களம்’ சோழநாட்டு நெற்களம். ஆயுதக்களத்தில் உள்ள அதே களம். விடியற்காலை இருளில் ஆட்களைப் பெயர்சொல்லி எண்ணிய அம்முற்றத்துக்கு நெல் தூற்றும் இடத்தின் பெயரை இட்டவர் யாரென்று எந்தச் செப்பேடும் சொல்லப்போவதில்லை. கிராணியின் சம்பளப் பதிவேட்டிலும் இப்பெயர்கள் ஏறவில்லை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் ஆகிய பட்டணங்களின் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தனர். உழவர் தங்கிய இடத்தில் ஆயிரம் ஆண்டு நின்ற பெயர், உழைத்தவர் வெளியேறிய இடத்தில் ஒரு தலைமுறை தாண்டவில்லை.

பயணத்திலிருந்து மீண்டபின், எம்முடன் வந்த ஆசிரியர்களும் அவர்தம் மாணவரும் பட்டணத்து அடுக்ககங்களில் வாழும் மூதாட்டியரிடம் சென்று பழைய தோட்டத்துப் பெயர்களைக் கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கினர். எம் தோட்டம் ஒன்றிலிருந்து மட்டும் இதுவரை 27 பெயர்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று மணியடி லயம். பெரட்டு மணி தொங்கிய மரத்தடியில் இருந்ததால் அப்பெயர் என்கிறார் ஓர் அம்மையார். மற்றொருவர் அதை மறுக்கிறார்: “மணியும் இல்லை, அடியும் இல்லை. மணியம் கங்காணி கட்டின லயம், தம்பி. மணியம் லயம். நீங்க படிச்சவங்க மாத்திப்பிட்டீங்க.” இருவரும் அண்டை வீட்டார், அவ்விடத்தில் வாழ்ந்தவர்கள். லயம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை. பெயரை இருவடிவிலும் எழுதி, எதிரே அவரவர் சொன்ன காரணத்தையும் குறித்திருக்கிறோம்.