தரை தேடிய விமானிகள்

ஆகாய விமானம் என்றதும் இளைஞர்களுக்கு ரைட் சகோதரர்களின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர்களுடைய இயந்திரம் முதன்முதலாகப் பறந்தது 12 விநாடி. கடந்த தூரம் 120 அடி. இவற்றைப் பாடப் புத்தகங்களே கூறிவிடும். ஆனால் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த அவ்விருவரும் பறப்பதற்கு ஏன் தொலைவிலிருந்த கிட்டி ஹாக் கடற்கரையை நாடிச் சென்றனர்? அங்கே ஓயாத காற்று உண்டு. மரங்களற்ற வெளி உண்டு. விழுந்தால் தாங்கிக்கொள்ள மணலும் உண்டு. வானம் எவ்விடத்தும் இருக்கிறது. ஏறவும் இறங்கவும் ஏற்ற தரைதான் எவ்விடத்தும் கிடைப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கும் இடுக்கி மலைகளுக்கும் அருகே வாழும் நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

தென்னாட்டில் முதலில் இத்தரையைத் தேடியவர் ஓர் ஓட்டல்காரர். கார்சிக்கா தீவினரான ஜாக்கோமோ டி ஆஞ்செலிஸ் சென்னை மவுண்ட் ரோட்டில் பெயர்பெற்ற விடுதியை நடத்திவந்தார். 1909ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரெஞ்சுக்காரரான பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவரை உறங்கவிடவில்லை போலும். தாமே ஒரு விமானத்தைத் திட்டமிட்டு, சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு அதனை உருவாக்கினார். பல்லாவரத்து வெளியில் வெள்ளோட்டம் விட்டார். பின்னர் 1910 மார்ச்சு மாதத்தில் தீவுத்திடலில் கட்டணம் வைத்துப் பொதுமக்களுக்குப் பறந்து காட்டினார். சமையற்கட்டும் விருந்தினர் கூடமுமே உலகமாக இருந்த மனிதர் இத்துணிவு கொண்டது வியப்பே. ஆயினும் விமான வரலாற்று நூல்கள் பலவற்றில் அவர் பெயரைக் காணோம். இது நியாயமன்று என்பது நம் கருத்து.

கோயில் கருவறையின்மேல் எழும்பி நிற்பதையும் நாம் விமானம் என்றே சொல்கிறோம். அசையாததற்குரிய பெயரைப் பறப்பதற்கும் வைத்த மொழி நம்முடையது!

அடுத்த ஆண்டு, 1911 பிப்ரவரி 18 அன்று, ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு இளைஞர் அலகாபாத்தில் சுமார் 6,500 கடிதங்களுடன் கிளம்பி, யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். விமானத் தபாலின் பிறப்பு அதுவே.

தபாலைக் காலந்தவறாமல் கொண்டுசெல்வதோ வேறு காரியம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து சிறியதொரு பஸ் மாத் விமானத்தில் தன்னந்தனியே தபாலுடன் புறப்பட்டார். வழிகாட்ட வானொலிக் கருவி கிடையாது. ஆமதாபாத்தில் அவருக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் டின்களாக வந்து சேர்ந்தது! அவர் இறங்கிய பம்பாய் ஜூகூ மைதானமோ கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். ஆகவே மழை நாட்களில் விமானங்களைப் புனாவுக்கு மாற்ற நேர்ந்தது. பம்பாயிலிருந்து தபாலைப் பெற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னை வரை ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். இத்திட்டத்தை முதலில் டாட்டாவிடம் கொண்டு சென்றவரும் அவரே. டாட்டாவின் புகழில் பாதியையாவது அவருக்கு நாம் பகிர்ந்தளிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அவர் சென்ற விமானம் திரும்பவேயில்லை.

1935 அக்டோபரில் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரத்திற்கு விமானம் வந்தது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பின்னரே அப்பாதையில் பறக்க இயன்றது. விமானம் கடற்கரையோரமாகவே சென்றது. கிழக்கே 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியும் அதன் கூட்டமும் அப்பாதைக்கு வெளியே நின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே அகன்ற வாயில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புகைவண்டி அதன் வழியே புகுந்துவிட்டது. இடுக்கிக்கு அத்தகைய வாயிலும் இல்லை.

அம்மலைநாட்டில் விமானம் இறங்குவதற்கான தரை நெடுங்காலத்திற்குப் பின்னரே வாய்த்தது. வண்டிப்பெரியாறுக்கு அருகில் சத்திரம் என்னும் ஊரில் தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை அமைந்தது. முதல் முயற்சியில், பாதையின் கோடியில் இருந்த மண்மேடு குறுக்கே நின்றதால் விமானத்தால் இறங்க முடியவில்லை. பின்னர் பெய்த பெருமழையில் பாதையின் ஓரம் சரிந்தது. மேட்டைக் குறைத்தபின், 2022 டிசம்பர் 1 அன்று, கொச்சியிலிருந்து வந்த சிறு விமானம் ஒன்று சத்திரத்தில் இறங்கியது. அதில் இருவரே அமரலாம்.