கன்னி நாயின் சட்டியில் கிடந்த எலும்பு

பெங்களூரில் என் பேரன் வளர்க்கும் நாய்க்கு மாதம் இரண்டு தடவை வீடு தேடிப் பச்சை எலும்பு வருகிறது. கோழிக்கழுத்து இத்தனை கிராம், ஆட்டு நெஞ்செலும்பு இத்தனை கிராம் என்று சீட்டு ஒட்டி, ஐஸில் வைத்து அனுப்புகிறார்கள். போன லீவுக்கு வந்தவன், "தாத்தா, இது ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்த முறை" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அப்படிச் சிரிக்கும் தகுதி எனக்கு உண்டா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேலநீலிதநல்லூரைச் சுற்றிய கரிசல் காட்டில் நாய் என்றால் வேட்டை நாய்தான். வடக்கே போனால் ராஜபாளையம் நாய். வடகிழக்கே சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் நாய். நம் பக்கம் கன்னி. என் தாத்தா வைத்திருந்தது கருங்கன்னி, ஒட்டிய வயிறும் நீண்ட காலும், பார்ப்பவர்கள் "பட்டினி போட்டிருக்கீரா வே?" என்று கேட்பார்கள்.

பட்டினியெல்லாம் இல்லை. ஆனால் நாய்க்கென்று தனியாக உலை வைத்ததும் கிடையாது. காலையில் முந்தின நாள் கம்பங்கூழைக் கரைத்து மோர் விட்டு ஊற்றுவார்கள். சாயங்காலம் சோளச்சோறோ, வீட்டில் மிஞ்சியதோ. இது நித்தியப்படி. இதற்கு மேல் அந்த நாய்க்கு மூன்று வழிகளில் பச்சை எலும்பு வந்தது.

ஒன்று முயல் வேட்டை. அறுப்பு முடிந்த காட்டில் முயல் பிடிபட்டால் தலையும் காலும் குடலும் அங்கேயே நாய்களுக்கு. அது நாயின் பங்கு. அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். இரண்டாவது கோயில் கொடை. கிடா வெட்டு முடிந்ததும் கழுத்தெலும்பும் விலா எலும்பின் முனைகளும் நாய்க்குப் போகும். மூன்றாவது தீபாவளிக் கூறுகறி. நாலைந்து வீடு சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போடும்போது தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து, உலைக்குப் போகும் முன்பே நாய்க்குரியதை எடுத்து வைத்துவிடுவார். நல்லி எலும்பை மட்டும் கொடுக்க மாட்டார். அதை உறிஞ்ச அவருக்கே ஆசை!

ஒருநாள் சாப்பிட்ட இலையில் இருந்த எலும்பை நான் நாய்க்கு வீசினேன். "ஏலே, வெந்ததப் போடாத. சிம்பாப் பிளந்து தொண்டையில குத்திரும். பச்சையாப் போடு" என்று அதட்டினார். அன்று அது ஏதோ பெரியவர் பேச்சு என்று விட்டுவிட்டேன். வேகவைத்த எலும்பு நொறுங்கிக் கூர்மையாக உடையும், பச்சை எலும்பு வளைந்து மசியும் என்று கால்நடை மருத்துவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டை ஒரே நாளில் நின்றுவிடவில்லை, ஆனாலும் மெல்ல மெல்லக் குறைந்தது. அது நல்லதுதான். கம்பும் சோளமும் போய் வீட்டுக்குள் ரேஷன் அரிசி வந்தது. நாயின் சட்டியிலும் வெள்ளைச்சோறு விழுந்தது. கூழ் போனது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எலும்பு போனதை யாரும் கவனிக்கவில்லை.

நானும்தான். 1984-இல் பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தபோது ஊரிலிருந்து நாற்பது நாள் கன்னிக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். எலும்பு குத்திவிடும் என்று வீட்டில் பயந்தார்கள். சரியென்று எலும்பில்லாத கறியாக வாங்கி, சோற்றில் பிசைந்து வைத்தேன். தாத்தாவின் நாய்க்குக் கிடைக்காத சாப்பாடு என் நாய்க்கு என்று உள்ளுக்குள் பெருமை வேறு. நாலாம் மாதம் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்தன. மணிக்கட்டு தரையில் படிந்தது. தூக்கினால் அழும்.

கால்நடை மருத்துவமனையில் வயதான டாக்டர் ஒருவர் குட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு என்று கேட்டார். நான் கறிக்கணக்கைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "எலும்பு எங்கே?" என்றார்.

கறியில் சுண்ணாம்புச் சத்து 1 பங்கு என்றால் பாஸ்பரஸ் 15, 20 பங்கு இருக்கும். நாய்க்குட்டிக்கோ சுண்ணாம்பு பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, கொஞ்சம் கூடுதலாகவோ வேண்டும். எலும்பில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கறியை மட்டும் கொடுத்தால், ரத்தத்தில் குறைகிற சுண்ணாம்பை ஈடுகட்ட உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. நான் வாங்கிப் போட்ட நல்ல கறிதான் குட்டியின் காலைத் தின்றது. சுண்ணாம்பு மருந்தும் எலும்புமாகக் கொடுத்ததில் வலி போயிற்று, வளைவு போகவில்லை. அடுத்த தடவை ஊருக்குக் கொண்டுபோனபோது அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "கன்னிக்குக் கால்தானடா எல்லாம்" என்றார். அது ஒன்பது வருஷம் இருந்தது. ஒருநாளும் ஓடவில்லை.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1918, 1919 வாக்கில் லண்டனில் எட்வர்ட் மெலன்பி என்பவர் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, ஓட்ஸ் கஞ்சி போன்ற தானிய உணவை முக்கியமாகக் கொடுத்துப் பார்த்தார். கால் வளைந்து ரிக்கெட்ஸ் வந்தது. மீன் எண்ணெய் கொடுத்ததும் தேறின. வைட்டமின் டி தெரியவந்த கதையில் இது ஒரு முக்கியமான கட்டம். என் குட்டிக்கு வந்தது வேறு நோய், ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் பின்னால் தெரிந்தது. புளிக்கவைத்தால் அது குறையும். தாத்தாவின் கூழ் புளித்த கூழ். மோரில் சுண்ணாம்பு. மேலே எலும்பு.

கடையில் விற்கும் நாய்த்தீனிக்கும் வயது அதிகம். 1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் நாய் பிஸ்கட் செய்து விற்க ஆரம்பித்தார். கப்பல் துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த காய்ந்த ரொட்டியை நாய்கள் தின்பதைப் பார்த்து யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தொழில் உலகமெல்லாம் பரவிய பிறகு, ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர்கள் இருவர் எதிர்த்துக் கிளம்பினார்கள். இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இலும் டாம் லான்ஸ்டேல் 2001-இலும் புத்தகம் போட்டு, சதை ஒட்டிய பச்சை எலும்பே நாயின் முக்கிய உணவு என்று வாதாடினார்கள். பேரன் சொன்னது இதைத்தான்.

அவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் எழுதினார்கள். அதனால் கூழ் பாவம் இல்லை. பச்சை எலும்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்; போட்ட இடத்தையும் கையையும் கழுவ வேண்டும். ஆட்டு ஈரல், நுரையீரலில் நீர்க்கட்டி இருந்தால் கண்டிப்பாகப் போடக்கூடாது. அதிலுள்ள நாடாப்புழு நாய் வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கே வந்து சேரும். நல்லி போன்ற கெட்டி எலும்பு பல்லை உடைக்கும். எலும்பு அளவு மீறினால் மலம் இறுகும். தாத்தா வீட்டு நாய்க்கு எலும்பு தினசரிச் சாப்பாடு அல்ல, கூழோடு அவ்வப்போது சேர்ந்தது. பாக்கெட் தீனியிலும் தப்பில்லை. நல்ல தீனியில் சுண்ணாம்பைக் கணக்குப் போட்டே சேர்க்கிறார்கள். தப்பு என்னைப் போலச் செய்வதில்தான்.

2005 ஜனவரியில் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னார். அதிலிருந்து நம் பக்கம் குட்டி கேட்டு வெளியூர்க் கார்கள் வருகின்றன. போன மாதம் டீக்கடையில் சென்னைத் தம்பி ஒருவர் மடியில் கன்னிக்குட்டியோடு உட்கார்ந்திருந்தார். என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். "நல்லா வளர்க்கணும் சார். தினம் போன்லெஸ் சிக்கனும் சோறும்" என்றார்.

வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள் தம்பி என்று கூட்டிவந்து, 1985-இல் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினேன். முன்னங்காலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கறிக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டார்.