ஏரி, வரி, வழி: பூந்தமல்லி என்ற சந்தை ஊர்

முகப்பேருக்கு வடக்கே திருவள்ளூர் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் போகின்றன. தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஏரியும் வயலும் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுமாக இருந்த சிற்றூர் அது. இத்தகைய சிற்றூர்களை வைத்துத்தான் சாலையோரச் சந்தை ஊர்கள் பிழைத்தன. அப்படியொரு பழைய சந்தை ஊரைப் பார்க்கலாம் என்று சென்னையிலிருந்து மேற்கே கிளம்பும் பயணி, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இறங்கியதும் ஏமாந்துபோவார். வரதராஜப் பெருமாள் கோயிலும் வைத்தீஸ்வரன் கோயிலும் இருக்கின்றன. மற்றபடி கைபேசிக் கடை, நகைக்கடை, மேம்பாலம், மெட்ரோ தூண் என்று சென்னையில் எங்கும் பார்ப்பதுதான். ‘பட்டணம் வளர்ந்து கிராமத்தை விழுங்கிவிட்டது’ என்று அவர் முடிவுகட்டுவார். நடந்ததோ அதுவல்ல. பூந்தமல்லி முதலில் இருந்தது, சென்னை பின்னால் வந்தது. வந்த சென்னை நீண்ட காலம் பூந்தமல்லியின் தயவில் இருந்தது. ஒரு சந்தை ஊரைச் சந்தை ஊராக வைத்திருப்பவை மூன்று: விளைச்சலைத் தரும் ஏரி, சரக்கு வந்துபோகும் வழி, அந்தச் சரக்கின்மேல் வரி வாங்கும் உரிமை. பூந்தமல்லியிடமிருந்து இந்த மூன்றும் ஒவ்வொன்றாகக் கைமாறிய கதைதான் அதன் வரலாறு.

ஏரியிலிருந்து தொடங்கலாம். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து மைசூருக்குப் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன், வழியில் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்து வியந்து எழுதினார். மண்ணைத் தோண்டாமல், இரண்டு மேடுகளுக்கு இடையிலிருந்த திறப்பைக் கரைகட்டி அடைத்து உண்டாக்கிய ஏரி அது. மழை பொய்த்தாலும் 32 ஊர் நிலங்களுக்குப் பதினெட்டு மாதம் தண்ணீர் கொடுக்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம். பாதிதான் உண்மை என்று கொண்டாலும், சாப்பிட்டது போக விற்பதற்கு மிஞ்சுகிற நெல் அங்கே விளைந்தது என்பதை மறுக்க முடியாது. இதற்குப் பல நூற்றாண்டு முந்தைய மரபுச் செய்தி ஒன்றும் உண்டு. இராமானுசர் காலத்தவரான திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் வணிகக் குடியில் பிறந்தவர். இங்கே நந்தவனம் வைத்து, பூ எடுத்துப்போய்க் காஞ்சி வரதருக்குச் சாத்தினார் என்று வைணவர்கள் சொல்வார்கள். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு இதைப் படித்தாலும் ஊரின் அடையாளம் கிடைத்துவிடுகிறது: வணிகர் வாழ்ந்த ஊர், பூ விளைந்த ஊர், காஞ்சிக்கு வழி போன ஊர். காலையில் பறித்ததை மாலைக்குள் சேர்க்க வேண்டிய சரக்கு பூ. தண்ணீரும் நல்ல வழியும் சேர்ந்தே இல்லாத இடத்தில் பூ வியாபாரம் நிலைக்காது.

அந்தக் காலத்துக் கிராமங்களுக்குச் சந்தை எதற்கு என்ற கேள்வி இங்கே எழும். இந்தியக் கிராமம் ஒவ்வொன்றும் தனக்குத் தானே போதுமான சின்னக் குடியரசு என்று 1830-இல் சார்லஸ் மெட்காஃப் எழுதியதைப் பலரும் இன்றுவரை நம்புகிறார்கள். அதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 1767-இல் தொடங்கி தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 ஊர்களை அளந்து எழுதிய கணக்கில், களத்து மேட்டிலேயே நெல் பங்கு பிரிக்கப்பட்டதைப் பார்க்கிறோம். கோயிலுக்கு, கணக்கனுக்கு, கொல்லனுக்கு, தச்சனுக்கு, வெட்டியானுக்கு என்று மரக்கால் மரக்காலாக மேரை போனது. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், நானூறு மரக்கால் ஒரு கரிசை என்று அளந்த அந்த நெல்லில் ஒரு பகுதி சந்தையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மேரை வாங்கிய கொல்லனுக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? களத்தில் நெல் வாங்கியவர் கஞ்சிக்குப் போட்டுக்கொண்ட உப்பு எந்த வயலில் விளைந்தது? உப்பு கடலோர அளத்திலிருந்தும், இரும்பும் உழவு மாடும் மேற்கேயிருந்தும் வர வேண்டும். அரசுக்குச் செலுத்தும் வாரத்தைக் காசாக மாற்றவும் நெல் வாங்க ஒருவர் வேண்டும். ஆகவே கிராமத்தின் தன்னிறைவு என்பது பக்கத்தில் ஒரு சந்தை ஊர் இருக்கிற தைரியத்தில் நடந்த தன்னிறைவு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘நகரம்’ என்ற வணிகர் சபையை ஆராய்ந்த கென்னத் ஹால், 1980-இல் வெளிவந்த நூலில், ‘நாடு’ என்ற ஊர்க்கூட்டம் ஒன்றுக்கு நகரம் ஒன்று என்ற அளவில் இவை அமைந்திருந்தன என்று வாதிட்டார். எல்லா நாட்டுக்கும் அந்தக் கணக்கு அச்சாகப் பொருந்துமா என்பது வேறு விஷயம். ஊர்க்கூட்டம் ஒன்றுக்கு நடுவில் வாங்கவும் விற்கவும் ஓர் இடம் வேண்டும் என்ற ஏற்பாடு ஆங்கிலேயர் வருவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே இருந்தது என்பதே நமக்கு வேண்டியது.

இனி வரி. 1639-இல் சென்னை உருவாகக் காரணமான நிலத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்தவர்கள் தாமர்ல நாயக்க சகோதரர்கள். அண்ணன் வேங்கடப்பன் வந்தவாசியிலும், தம்பி அய்யப்பன் பூந்தமல்லியிலும் இருந்து ஆண்டார்கள். அதாவது, மணல்மேட்டில் கோட்டை கட்ட வந்த வியாபாரிகளுக்கு அக்கம்பக்கத்து அதிகாரம் பூந்தமல்லியில் இருந்தது. 1646-இல் கோல்கொண்டா இந்தப் பகுதியைப் பிடித்த பிறகும் அந்த நிலைமை மாறவில்லை. 1672-இல் கோல்கொண்டாவின் அதிகாரி நெக்னாம்கான் கொடுத்த கவுல் என்ற உரிமைப் பத்திரத்தின்படி, ஆண்டுக்கு 1,200 பகோடா கட்டினால் போதும் என்று ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிக்கு முடிவாகியிருந்தது. ஆனாலும் 1680-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூந்தமல்லி அதிகாரி லிங்கப்பன் அதற்கு மேலும் கேட்டு நெருக்கினான். கும்பினி மசியாதபோது சென்னைக்குப் போகும் சரக்கை மறித்தான். ஜார்ஜ் கோட்டையின் பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன. சோறும் துணியும் வந்தது மேற்கு வாசல் வழியாக. அந்த வாசலின் சாவி லிங்கப்பனிடம் இருந்தது.

இதைச் சொன்னதும் ஓர் ஆட்சேபம் வரும்: இவையெல்லாம் பூந்தமல்லி அதிகாரத் தலமாக இருந்ததற்குச் சான்று, சந்தையாக இருந்ததற்கு அல்ல, கோட்டையும் படையும் இருந்த இடத்தையெல்லாம் சந்தை ஊர் என்று சொல்லிவிட முடியுமா? நியாயமான கேள்விதான். பூந்தமல்லிச் சந்தையில் என்ன கிழமையில் எத்தனை வண்டி நின்றது என்று சொல்கிற ஏடு நம் கையில் இல்லாதபோது, சந்தையின் அளவைப் பெரிதாக்கிப் பேசுவது தவறு. ஆனால் அந்த நாளில் அதிகாரமும் சந்தையும் தனித்தனியே குடியிருக்கவில்லை. நிலவரிக்கு அடுத்தபடியாக ஆள்வோர் கையில் ரொக்கம் சேர்ந்தது சாயர் என்ற வழிச்சுங்கத்தில். சுங்கம் வாங்குகிறவன் பொதிமாடும் வண்டியும் கூடுகிற இடத்தில்தான் சாவடி போடுவான்; ஆளில்லாத காட்டில் உட்கார மாட்டான். லிங்கப்பன் சரக்கை மறிக்க முடிந்ததே, சரக்கு அவன் வாசல் வழியாகப் போனதற்குச் சாட்சி. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, பூந்தமல்லியை உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தபோது அந்தச் சாவி கைமாறியது. மூன்றில் முதலாவதாக வரி உரிமை போனது அன்றைக்குத்தான். 1780-இல் ஹைதர் அலி படையெடுப்பில் சீமை பாழானது. சீமை தேறிய பிறகும் கணக்கு எழுதப்பட்டது கும்பினிக்கே. 1844-இல் சென்னை மாகாணத்தில் உள்நாட்டு வழிச்சுங்கமே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வியாபாரிக்கு அது நிம்மதி. சாலையில் நிற்கிற ஊருக்குச் சாலையால் வந்த அதிகாரம் அதோடு தீர்ந்தது.

அடுத்தது வழி. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது பூந்தமல்லியைத் தொடவில்லை. வடக்கே ஒதுங்கி, அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று போயிற்று. ரயில் வந்த பக்கம்தான் பிற்காலத்தில் ஆலைகளும் வந்தன: 1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள், 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. ரயில்தான் பூந்தமல்லியைக் கொன்றது என்று சொல்வது இதனால் எளிதாகிவிட்டது. அதில் பாதிதான் உண்மை. தொலைதூரச் சரக்கை, அதாவது மூட்டை கட்டி நாட்கணக்கில் வைக்கக்கூடிய தானியத்தையும் பருத்தியையும், ரயில் கொண்டுபோனது. கீரை, கத்தரி, பூ, பால், வைக்கோல் ஆகியவற்றுக்கு ரயில் உதவாது. பூந்தமல்லியிலிருந்து கோட்டைப் பக்கம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கும் மாட்டுவண்டிக்கு அது ஓர் இரவுப் பயணம். அந்தியில் ஏற்றிய காய் விடியலில் ஏலத்துக்கு வரும். வயலிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ராயபுரம், அங்கிருந்து மண்டி என்று மூன்று முறை ஏற்றி இறக்குவதைவிட, இந்த ஒரே வண்டிச் சத்தம் மலிவு. அழுகும் சரக்குக்குச் சாலைதான் தோது என்ற கணக்கு லாரி வந்த பிறகும் மாறவில்லை.

மாறாத அந்தக் கணக்கைக் கோயம்பேட்டில் பார்க்கலாம். ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் நெரிந்துகொண்டிருந்த காய்கறி மொத்த வியாபாரத்தை 1996-இல் அரசு கோயம்பேட்டுக்கு மாற்றியது. அது பெருநகர வளர்ச்சிக் குழுமம் வரைபடம் போட்டுக் கட்டிய நவீன வளாகம், பழைய சந்தை ஊருக்கும் அதற்கும் என்ன ஒட்டு என்று கேட்பார்கள். கட்டடத்தில் ஒட்டு இல்லை. இருக்கும் இடத்தில் இருக்கிறது. கோலார்த் தக்காளியும் மேற்கு மாவட்டக் காய்களும் பெங்களூர்ச் சாலையில் வந்து நகரத்துக்குள் நுழைகிற முனை அது. அந்தச் சாலை பூந்தமல்லியைத் தாண்டித்தான் வருகிறது. 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டபோது காய்கறிச் சந்தை திருமழிசைக்குப் போய், செப்டம்பர் இறுதிவரை அங்கேயே நடந்தது. ஆழ்வார் ஊரான திருமழிசை பூந்தமல்லிக்கு அடுத்த ஊர். நெருக்கடி நேரத்தில், காலியிடம் எங்கெங்கோ இருந்தும், சந்தை அதே மேற்குச் சாலையில்தான் பின்வாங்கியது. மழையில் சேறும் சகதியுமாக வியாபாரிகள் பட்ட பாடும் உண்மை. இடவசதி இல்லாத இடத்தில் வழிவசதி மட்டும் போதாது என்பதை அந்த மாதங்கள் காட்டின.

மூன்றாவதாகக் கைமாறியது ஏரி. 32 ஊருக்குப் பாய்ந்த செம்பரம்பாக்கம் இன்று சென்னையின் குடிநீர்த் தேக்கங்களில் ஒன்று. 2007-இல் அங்கே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. 1980-களில் உலக வங்கிக் கடனில் மனைப்பிரிவு போட்டு வளர்ந்த முகப்பேர் போன்ற புறநகர்களுக்கும் நகரத்துக்கும் குழாயில் தண்ணீர் வேண்டும். அதைத் தவறென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் வயலுக்குப் போன தண்ணீர் குழாய்க்குப் போனால், சந்தைக்கு விளைச்சல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்து ஊரில் விளைந்ததை விற்ற பூந்தமல்லி, இப்போது கோயம்பேட்டில் வாங்கி வந்து விற்கிறது. சரக்கு போன திசையே தலைகீழானது. சந்தையின் நிறம் மாறியதற்கு இதுவே முதன்மைக் காரணம்; மேம்பாலமும் மெட்ரோவும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே பூந்தமல்லிக்குப் போகிற பயணி பழைய கட்டடத்தைத் தேடி அலைய வேண்டாம். 1956-இன் சட்டம் மரக்காலையும் படியையும் எடுத்துவிட்டுக் கிலோவைக் கொண்டுவந்தது. ஆனால் கோயில் வாசல் பூக்காரம்மா உதிரிப்பூவைத் தராசில் நிறுத்தாலும், கட்டிய சரத்தை முழங்கையிலிருந்து விரல்நுனிவரை இழுத்து முழம் போட்டுத்தான் கொடுக்கிறார். எந்த அரசும் முத்திரை குத்தாத அந்த அளவைக்கு வாங்குகிறவரும் விற்கிறவரும் இன்றும் கட்டுப்படுகிறார்கள். சந்தை என்பது இப்படிப்பட்ட பழக்கமும் வழியும் விளைச்சலும் சேர்ந்த ஏற்பாடு. அதைக் காப்பது என்று பேசினால், நினைவு வளைவு கட்டுவதாலும் பாரம்பரியப் பலகை வைப்பதாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. வரியும் வழியும் இனித் திரும்பி வரப்போவதில்லை. செம்பரம்பாக்கத்தின் கீழும் சுற்றுவட்டச் சிற்றேரிகளின் கீழும் மிஞ்சியிருக்கும் பாசனக் கால்வாய்களையும், அவற்றால் இன்னும் விளைகிற நிலத்தையும் மனைக்கு விடாமல் வைத்திருப்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது. அதைச் செய்யாமல் பழைய சந்தை போய்விட்டதே என்று வருந்துவதில் பொருளில்லை.