ஊற்றும் விதமும் ஓட்டத்தின் அளவும்

இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கிருந்தே இடப்புறம் வந்து சேருகிறது என்று 1242இல் எழுதிவைத்தவர் அல்லாமா இப்னுந் நஃபீஸ். கெய்ரோவில் ஷாஃபிஈ ஃபிக்ஹைப் போதித்த ஆசிரியர் என்றும் அவரை நாம் அறிவோம். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டென்ற ஜாலீனூஸின் கூற்றை, இப்னு சீனாவின் ‘கானூன்’ நூலுக்கு எழுதிய விரிவுரையில் அவர் துணிந்து மறுத்தார். பாதை தெரிந்துவிட்டது. அப்பாதையில் இரத்தம் எத்துணை விரைவாய் ஓடுகிறது என்பதை அளக்கவோ இன்னும் ஆறு நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

1820களின் இறுதியில் ஜெர்மானியக் கால்நடை மருத்துவர் ஹெரிங், குதிரையின் கழுத்து நாளமொன்றில் ஓர் உப்பைச் செலுத்தி, மறுபக்க நாளத்திற்கு அது வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டார். 1897இல் ஸ்டூவர்ட் இதனைக் கணிதமாக்கினார்: செலுத்திய பொருளின் அளவும், அது இரத்தத்தில் எவ்வளவு நீர்த்துப்போயிற்று என்பதும் தெரிந்தால், ஓடும் இரத்தத்தின் அளவைக் கூறிவிடலாம். ஹாமில்டன் பின்னர் சாயங்களைக் கொண்டு அம்முறையைச் செம்மைப்படுத்தினார். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. பழைய கணக்கை இப்படங்களில் செய்யலாமென 1980இல் லியோன் ஆக்ஸல் எழுதினார். 1991இல் கென் மைல்ஸ் குழுவினர் இரத்த ஓட்டத்தை வண்ணப்படமாகவே காட்டினர்.

செய்முறை எளிது. கையின் நாளத்தில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றி, மூளையின் ஒரே பகுதியை ஏறத்தாழ ஒரு நிமிடம் திரும்பத் திரும்பப் படம் எடுப்பர். அயோடின் கூடக்கூடப் படத்தில் வெண்மை கூடும். மதுரைக் கண் மருத்துவமனைகளில் மஞ்சள் சாயம் ஏற்றி விழித்திரையைப் படம்பிடிப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

சிக்கல் ஊற்றும் விதத்தில் இருக்கிறது. வைகை அணையில் தண்ணீரைத் திரளாகத் திறந்தால், அதன் முகப்பு மதுரைக் கல்பாலத்தைத் தொடும் வேளையைத் திட்டமாகச் சொல்லலாம். சிறுகச் சிறுகத் திறந்தால் மணலில் பரவி, எப்போது வந்ததென்றே சொல்ல இயலாது போகும். ஆறு ஒன்றுதான்.

40 மில்லி மருந்தை விநாடிக்கு 4 மில்லி வீதம் செலுத்த 10 விநாடி ஆகும். 2 மில்லி வீதமெனில் 20 விநாடி. மூளைத் திசுவைக் கடக்க இரத்தத்திற்கோ ஏறத்தாழ 4 விநாடி போதும். மெதுவாகச் செலுத்தும்போது, பின்வரும் மருந்து நுழைந்துகொண்டிருக்கையிலேயே முன்வந்தது சிரை வழியே வெளியேறிவிடுகிறது. திசுவில் மருந்து ஏறும் உச்ச வேகத்தைத் தமனியின் உச்சத்தால் வகுக்கும் முறை, வெளியேற்றம் தொடங்கவில்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. ஆதலால் அது ஓட்டத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். தமனியில் மருந்து வந்த வடிவத்தையே பிரித்தெடுக்கும் பிந்தைய கணித முறைகள் இப்பிழையைப் பெரிதும் தணிக்கின்றன, முற்றும் நீக்குவதில்லை. மெதுவாக ஏற்றிய மருந்தின் உச்சம் தாழ்ந்து, படத்தின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். சில வேளை மருந்து கடந்து முடியுமுன்பே படமெடுப்பும் முடிந்துவிடும்.

பக்கவாதத்தில் இந்த எண் உயிர்ப் பிரச்சினை. நலமான மூளையில் 100 கிராமுக்கு நிமிடத்திற்குச் சுமார் 50 மில்லி இரத்தம் ஓடுகிறது. நலமான பகுதியின் ஓட்டத்தில் 30 விழுக்காட்டுக்கும் கீழே போன பகுதியை மீளாததென்று கணினி பெரும்பாலும் கொள்ளும். 2018இல் வெளிவந்த இரு ஆய்வுகள், படங்களைக் கொண்டு தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரையிலும் இரத்தக்கட்டியை அகற்றுவது பயனளிப்பதைக் காட்டின. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ தாமதமாக வந்துசேரும் ஒருவருக்கு, அந்தத் தேர்வே எல்லாம்.

ஆகவேதான் பருத்த ஊசி, கூடுமானவரை வலக்கை, மருந்தின் பின்னே அதைத் தள்ளிவிட உப்புநீர் என்ற ஏற்பாடுகள். இடக்கையிலிருந்து செல்லும் சிரை நீண்டது. நெஞ்செலும்பின் பின்னே நெருக்குண்டு மருந்து தேங்கவும் கூடும். முதியோரின் மெலிந்த நாளமோ வேகத்தைத் தாங்காது; செலுத்துபவர் குறைத்தே ஆகவேண்டும். அதில் குற்றமில்லை. ஆனால் அது அறிக்கையில் ஏறுவதில்லையெனில், ஸனது இல்லாத மத்னைப் போல அந்த எண் நம் கைக்கு வருகிறது. இதயம் தளர்ந்தவருக்கும் மருந்து இதேபோல் தாமதித்துப் பரவியே மூளையை அடையும். அது நோயாளியின் உண்மை நிலை. முன்னது ஊசியின் விளைவு. செலுத்திய வேகம், அளவு, எந்தக் கை, ஊசியின் பருமன் ஆகியவை படத்தோடு எழுதப்பட்டிருந்தால்தான், அதைப் படிக்கும் மருத்துவர் இரண்டையும் பிரித்தறிய வழியுண்டு.